குழந்தைப் பருவத்துக்குச் சாட்சி யார்? பெரியவர்களிடம் ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிவது பற்றி

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் உள்ள துறைமுக நகரம் டுனெடின். 1972 ஏப்ரல் தொடங்கி ஓராண்டுக்குள் அங்கே பிறந்த குழந்தைகளில் 1,037 பேரை ஓர் ஆய்வுக் குழு மூன்று வயதிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களை வரவழைத்துப் பல், நுரையீரல், இரத்த அழுத்தம், வேலை, கடன், மணவாழ்க்கை, மனநிலை என எல்லாவற்றையும் விசாரித்துப் பதிவு செய்கிறார்கள். வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்து அழைத்து வருகிறார்கள். 38 வயதுப் பரிசோதனைக்கு, உயிரோடிருந்தவர்களில் 95 சதவீதம் பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவருடைய பிள்ளைப் பருவம் எப்படி இருந்தது என்பதை அவருடைய நினைவை நம்பாமல், அந்தந்த வயதிலேயே எழுதி வைத்த பதிவுகளிலிருந்து தெரிந்துகொள்ள முடிகிற இடங்கள் உலகில் மிகக் குறைவு. டுனெடின் அவற்றில் ஒன்று.

கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு, யோசிக்கும் முன்பே செய்துவிடும் அவசரம் ஆகியவை சேர்ந்த குறைபாட்டை ஏ.டி.எச்.டி. என்கிறோம். இந்தக் குழுவைச் சேர்ந்த உளவியலாளர் டெர்ரி மாஃபிட்டும் அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட கட்டுரை, அதைப் பற்றிய நிலைபெற்ற நம்பிக்கை ஒன்றை அசைத்தது. பிள்ளைப் பருவத்தில் 61 பேருக்கு இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டிருந்தது. 38 வயதில் 31 பேரிடம் அறிகுறிகள் முழு அளவில் இருந்தன. இரண்டு பட்டியலிலும் இடம்பெற்றவர்கள் மூன்றே பேர். பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் பழைய பதிவுகளில் குறைபாட்டுக்கான தடயம் இல்லை. சிறுவயதில் குறைபாடு இருந்தவர்களுக்கு நினைவாற்றல், கவனச் சோதனைகளில் அன்றும் இன்றும் பின்னடைவு இருந்தது. நடுவயதில் பட்டியலில் சேர்ந்தவர்களிடம் அதுவும் இல்லை.

இது ஏன் அதிர்ச்சி தந்தது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த நோயறிதலின் விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் கையேடு, கவனக்குறைவு சார்ந்து ஒன்பது அறிகுறிகளையும், மிகையியக்கமும் அவசரமும் சார்ந்து ஒன்பது அறிகுறிகளையும் தருகிறது. குழந்தைக்கு ஏதேனும் ஒரு பிரிவில் ஆறு இருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவருக்கு ஐந்து போதும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். முந்தைய கையேட்டில் இந்த வரம்பு ஏழு வயதாக இருந்தது. வீடு, வேலை, நட்பு என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவை இருக்க வேண்டும்; வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும்; வேறொரு நோயால் இன்னும் பொருத்தமாக விளக்கிவிட முடியாதவையாக இருக்க வேண்டும். ஆக, நாற்பது வயதில் ஒருவர் மருத்துவர் முன் உட்கார்ந்தால், அங்கே விசாரணைக்கு வருவது அவருடைய இன்றைய நிலை மட்டுமல்ல. பத்து வயதில் அவர் எப்படி இருந்தார் என்பதும்தான். அந்தப் பத்து வயதுக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதே பெரியவர்களின் ஏ.டி.எச்.டி. நோயறிதலில் ஆகக் கடினமான கேள்வி.

பெரியவர்களுக்கு இது உண்டு என்று ஒப்புக்கொள்ளவே மருத்துவ உலகம் வெகுகாலம் எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரிக்டன் 1798இலேயே கவனம் நிலைகொள்ளாத மனநிலையை விவரித்தார். வயது ஏற ஏற அது குறையும் என்றும் எழுதினார். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் முழுக்கக் குழந்தைகளைப் பற்றியவை. அமெரிக்கக் கையேட்டின் 1968ஆம் ஆண்டுப் பதிப்பும் இதைக் குழந்தைப் பருவத்துக்குரியதாகவே பெயரிட்டு, வளரிளம் பருவத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றது. யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் வென்டரும் அவருடைய குழுவினரும் 1976இல் பெரியவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டபோது அது விலகி நின்ற குரல். நோயாளிகளின் சிறுவயது நடத்தையை அவர்களுடைய பெற்றோரிடமே விசாரித்தது அந்த ஆய்வின் சிறப்பு. பிற்பாடு வென்டர் உருவாக்கிய வினாப்பட்டியலும் பிள்ளைப் பருவத்தை நினைவுகூரச் சொல்வதுதான். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டது 2008இல். இன்று ஐம்பதைத் தாண்டிய பலர், தம் இளமையில் எந்த மருத்துவரிடம் போயிருந்தாலும் இந்தப் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

நினைவு எவ்வளவு நம்பத்தக்கது? அமெரிக்காவின் மில்வாக்கியில் ரஸ்ஸல் பார்க்லி, சிறுவயதில் மிகையியக்கம் கண்டறியப்பட்டவர்களை இளைஞர்களான பின்பும் தொடர்ந்து ஆராய்ந்தார். ஏறத்தாழ 21 வயதில் அவர்களிடமே கேட்டபோது 5 சதவீதம் பேருக்குத்தான் குறைபாடு நீடிப்பதாகத் தெரிந்தது. அவர்களுடைய பெற்றோரைக் கேட்டபோது அது 46 சதவீதம். அதே இளைஞர்கள், அதே ஆண்டு. கேட்கப்பட்ட ஆள் மாறியதும் விடை ஒன்பது மடங்கு மாறிவிட்டது. இந்தக் குறைபாடு உள்ளவர்களில் பலர் தம் நடத்தையைத் தாமே மதிப்பிடுவதில் தடுமாறுகிறார்கள். அதற்கு நேர் எதிராக, மன அழுத்தத்தில் இருப்பவர் தம் கடந்த காலம் முழுவதையும் தோல்வியாகவே நினைவுகூர்கிறார். சிறுவயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்ததையே தம் நோயின் அடையாளமாகச் சொல்கிறார். ஒரே ஆளின் ஒரே வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர் இரண்டு பக்கமும் தவறு செய்வார்.

டுனெடின் முடிவுகளுக்குப் பிறகு விவாதம் சூடுபிடித்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995இல் பிறந்த இரட்டையர்களைத் தொடரும் ஆய்வு 2016இல் வெளிவந்தது. 18 வயதில் ஏ.டி.எச்.டி. இருப்பதாகத் தெரிந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிறுவயதில் அந்த நோயறிதல் பொருந்தவில்லை. பிரேசிலின் பெலோட்டாஸ் நகரில் 1993இல் பிறந்தவர்களைப் பற்றிய ஆய்வும் அதே திசையைக் காட்டியது. வளர்ந்தபின் தொடங்கும் ஏ.டி.எச்.டி. என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இதற்கு மிகப் பொறுமையான பதிலைத் தந்தவர் மார்கரெட் சிப்லி. அமெரிக்காவில் 1990களில் தொடங்கிய பெரிய சிகிச்சை ஆய்வில் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த, குறைபாடு இல்லாத 239 பிள்ளைகளின் பதிவுகளை அவர் குழு 2018இல் எடுத்துப் பார்த்தது. பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை எட்டு முறை அவர்கள் பரிசோதிக்கப்பட்டிருந்தார்கள். வினாப்பட்டியலில் மட்டும் பார்த்தால், இடையில் சிலருக்குப் புதிதாகக் குறைபாடு வந்துவிட்டதுபோல் தெரிந்தது. குழு ஒவ்வொருவராக எடுத்து விசாரித்தது. அந்த அறிகுறிகள் எப்போது வந்தன, அப்போது வாழ்க்கையில் வேறென்ன நடந்தது, பெற்றோரும் ஆசிரியர்களும் என்ன சொன்னார்கள், போதைப் பழக்கம் உண்டா, வேறு மனநலச் சிக்கல் உண்டா என்று. முடிவில் சுமார் 95 சதவீதம் பேர் பட்டியலிலிருந்து நீங்கினார்கள். மிகுதியான போதைப் பழக்கமே முதன்மைக் காரணமாக இருந்தது.

என்னைப் பொறுத்தவரை, பெரியவர்களின் ஏ.டி.எச்.டி. குறித்து நடந்த ஆய்வுகளில் நடைமுறைக்கு ஆகப் பயனுள்ளது இதுதான். படிவத்தை நிரப்பச் சொல்லி மதிப்பெண் கூட்டுவதற்கும் ஒரு வாழ்க்கையை உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள தூரத்தை இது எண்ணால் காட்டிவிட்டது. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த மதிப்பீடும் இதையே வேறு வழியில் சொல்கிறது. சிறுவயதுத் தொடக்கத்தையும் கணக்கில் கொண்டால் பெரியவர்களில் 2.58 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. உண்டு. இன்றைய அறிகுறிகளை மட்டும் எண்ணினால் 6.76 சதவீதம். ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டால் நோயாளிகளின் எண்ணிக்கை இரண்டரை மடங்காகிறது.

அதற்காக, சிறுவயது ஆதாரத்தைக் கொண்டுவராதவருக்கு நோயில்லை என்று கதவை மூடுவதும் அநீதியே. சிறுவயதில் அறிகுறி தெரியவில்லை என்பதற்கு, யாரும் பார்க்கவில்லை என்றும் பொருள் இருக்கலாம். வேறு யாரோ தாங்கிப் பிடித்திருந்தார்கள் என்றும் இருக்கலாம். நம் வீடுகளில் பார்க்கலாம். காலையில் எழுப்பி, சாப்பாடு கட்டி, பையில் புத்தகத்தை எடுத்து வைத்து, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதியை நினைவில் வைத்திருந்து, படிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற ஓர் அம்மா இருந்தால், அந்தப் பிள்ளையின் குறைபாடு பன்னிரண்டாம் வகுப்புவரை வெளியே தெரியாமல் போகலாம். முட்டுக்கொடுத்த வாழை சாய்வதில்லை. பிள்ளை விடுதிக்குப் போன முதல் பருவத்திலேயே பாடங்களில் தவறத் தொடங்கும்போது நோய் அப்போதுதான் வந்ததுபோல் தோன்றுகிறது. வேலைக்குப் போனதும் சிலருக்கு, திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் சிலருக்கு. திருமணத்துக்குப் பிறகு அம்மாவின் வேலையை மனைவி ஏற்றுக்கொண்டுவிடும் ஆண்களுக்கு நாற்பதுவரைகூடத் தெரியாது. அதனால் நல்ல மருத்துவர் அறிகுறிகளை விசாரிக்கும்போதே, உங்களுக்காக இதையெல்லாம் யார் செய்துகொண்டிருந்தார்கள் என்றும் கேட்பார். அந்தக் கேள்வி எந்தப் படிவத்திலும் பெரிதாக இடம்பெறுவதில்லை.

பெண்கள் இந்த நோயறிதலிலிருந்து நழுவிப்போனதை இதோடு சேர்த்தே பேச வேண்டும். சிறுவர்களில் ஆண்களிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது; பெரியவர்களில் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. டுனெடினிலும் அப்படித்தான். வகுப்பில் எழுந்து ஓடும் பையனை ஆசிரியர் கவனிக்கிறார். கரும்பலகையைப் பார்த்தபடி மனத்தால் வேறெங்கோ இருக்கும் பெண் பிள்ளை யாருக்கும் தொல்லையில்லை. ரேங்க் கார்டில் ‘இன்னும் முயற்சி தேவை’ என்று ஒரு வரி வரும். வீட்டில் சோம்பேறி, பொறுப்பில்லாதவள், ஞாபகமறதிக்காரி என்று பெயர் வரும். அந்தப் பெயர்களைப் பொய்யாக்க அவள் இரவெல்லாம் விழித்து ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்க்கப் பழகுகிறாள். முப்பதில் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சைக்குப் போகிறாள். அது தணிந்தாலும் அடியில் இருப்பது அப்படியே இருக்கிறது. தன் குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் விளக்கும்போது, இது என் கதையாயிற்றே என்று முதல் முறையாக உணரும் தாய்மார்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வியப்பில்லை, இரட்டையர் ஆய்வுகளின்படி இந்தக் குறைபாட்டில் மரபின் பங்கு ஏறத்தாழ 74 சதவீதம்.

பின்னே மருத்துவர் எப்படித்தான் முடிவு செய்வது? இரத்தப் பரிசோதனை கிடையாது. மூளை ஸ்கேன் உதவாது; பெரும் எண்ணிக்கையினரை ஒப்பிடும்போது தெரியும் நுண்ணிய வேறுபாடுகள் தனி ஒருவரின் படத்தில் எதையும் தீர்மானிப்பதில்லை. கணினித் திரையில் எழுத்து வரும்போது பொத்தானை அழுத்தும் கவனச் சோதனைகள் துணைக்கு ஆகும்; ஆனால் உண்மையான குறைபாடு உள்ள பலர் அந்த இருபது நிமிடம் நன்றாகவே செய்துவிடுகிறார்கள். புதுமையும் அவசரமும் இருக்கும் இடத்தில் அவர்களுக்குக் கவனம் கூடும். மின்கட்டணம் கட்டுவதுதான் கூடாது.

எஞ்சுவது காலக்கோடு. நோயாளியின் வாழ்க்கையை வயது வாரியாக எழுதி, அறிகுறிகள் அதில் எங்கெங்கே வருகின்றன என்று பார்ப்பது. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் ஒரு தொடக்கம் சொல்ல முடியும்: அப்பா இறந்த பிறகு, வேலை போன பிறகு, பிரசவத்துக்குப் பிறகு. இருமுனைக் கோளாறில் அலைகள் உண்டு. வாரக்கணக்கில் உற்சாகமும் பேச்சும் உறக்கமின்மையும், பிறகு வீழ்ச்சி. ஏ.டி.எச்.டி.க்கு அப்படித் தொடங்கிய நாள் இல்லை. எப்போதிருந்து என்று கேட்டால், எப்போதுமே இப்படித்தான் என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலை அண்ணனோ சித்தியோ பழைய பள்ளித் தோழியோ வேறு சொற்களில் உறுதிப்படுத்தினால் நோயறிதல் வலுப்பெறுகிறது. இதோடு தைராய்டு, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கக் கோளாறு, இரவுப் பணியால் வரும் உறக்கக் கடன், மது, கஞ்சா, சிறுவயது வன்முறையின் தழும்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். விலக்கினால் மட்டும் போதாது, ஏ.டி.எச்.டி.யோடு கூடவே பதற்றமும் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் இருப்பது சாதாரணம். எது முன்னால் வந்தது என்பதே கேள்வி. நெதர்லாந்தில் சாண்ட்ரா கோய்யும் சகாக்களும் உருவாக்கிய நேர்காணல் முறை ஒவ்வொரு அறிகுறிக்கும் இன்றைய எடுத்துக்காட்டையும் சிறுவயது எடுத்துக்காட்டையும் தனித்தனியே கேட்கிறது. முடிந்தால் துணைவரையும் பெற்றோரையும் அருகில் வைத்துக்கொண்டே கேட்கச் சொல்கிறது. நேரம் பிடிக்கும் வேலை. குறுக்குவழி கிடையாது.

குறுக்குவழியாகப் பயன்படுத்தப்படுவது வினாப்பட்டியல். உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 2005இல் வெளியான பட்டியலில் 18 கேள்விகள். முதல் ஆறு மட்டுமே சல்லடையாகப் பயன்படுகின்றன. சல்லடை என்ற அளவில் அது நல்ல கருவி. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரில் 30 பேருக்கு உண்மையாகவே ஏ.டி.எச்.டி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பட்டியல் அவர்களில் 70 சதவீதத்தைப் பிடிக்கிறது. மற்றவர்களில் 10 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது. உண்மையானவர்கள் 21 பேர், தவறானவர்கள் 97 பேர். பட்டியல் ‘ஆம்’ என்று சொன்ன 118 பேரில் ஐந்தில் ஒருவருக்குக்கூட உண்மையாகக் குறைபாடு இல்லை. கைப்பேசியில் வினாப்பட்டியலை நிரப்பி முடிவுக்கு வருபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட நூறு ஏ.டி.எச்.டி. காணொளிகளை ஆராய்ந்த கனடா ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றில் 52 சதவீதம் தவறான தகவல் தருபவை என்று கண்டார்கள்.

இன்னொரு குறுக்குவழி, மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பது: கவனம் கூடினால் ஏ.டி.எச்.டி., கூடாவிட்டால் இல்லை. இது அடிப்படையிலேயே தவறு. 1978இல் ஜூடித் ராப்பபோர்ட் எந்தக் குறைபாடும் இல்லாத 14 சிறுவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்கும் துறுதுறுப்பு குறைந்தது, கவனம் கூடியது. ஊக்கமருந்து யாருக்கும் ஓரளவு வேலை செய்யும். அது எதையும் நிரூபிக்காது.

இத்தனை கவனம் தேவைதானா, கொஞ்சம் மறதிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பவர்களுக்கு டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகள் பதில் சொல்கின்றன. 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த கட்டுரை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது. இந்த மிகைக்குப் பெருமளவில் விபத்துகளே காரணம். 18 வயதுக்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களிடம் அந்த விகிதம் நான்கு மடங்கைத் தாண்டியது. தாமதத்தால் மட்டுமே அப்படி ஆனது என்று சொல்ல முடியாது. ஆனாலும் தாமதமாக வருபவர்களை அலட்சியமாகப் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த எண் போதும்.

இந்தியாவில் நிலைமை? ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் வரிசை கதவுக்கு வெளியே நீளும்போது, ஒருவருடைய பத்து வயதை விசாரிக்க எந்த மருத்துவருக்கு நேரம் இருக்கும்? மீதைல்ஃபெனிடேட் மருந்து 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அது தேவையான கட்டுப்பாடுதான், ஆனால் எழுதவும் விற்கவும் தயக்கத்தை உண்டாக்குகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை.

பெரியவர்களுக்கு இந்த நோயறிதல் கண்டபடி வழங்கப்படுகிறது என்று ஒரு தரப்பும், ஏராளமானவர்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று இன்னொரு தரப்பும் வாதிடுவதைக் கேட்கிறோம். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கேட்பதற்கு நேரமின்மை. பத்து நிமிடத்தில் ‘உண்டு’ என்று எழுதப்படும் சீட்டும் பத்து நிமிடத்தில் ‘நல்லாத்தானே படிச்சிருக்கீங்க, உங்களுக்கு அதெல்லாம் இருக்காது’ என்று சொல்லி அனுப்புவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

தனக்கு இது இருக்குமோ என்று ஐயப்படுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையோ மூத்த அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் தொலைபேசியில் பேச வையுங்கள். பரணில் பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியர் எழுதிய வரி முக்கியம். உறக்கம், மது, சாப்பிடும் மருந்துகள் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு பரிசோதனை செய்திருந்தால் அதையும் காட்டுங்கள். உங்கள் பிள்ளைப் பருவத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் மருந்து எழுதினாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் ஒன்றுமில்லை என்று சொன்னாலும், இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.